501-வது யூனிட்டின் விலை 243 ரூபாய்

இயற்கை விவசாயத்துக்கு வருகிற எவருக்கும் முதல் பாடம் ஒன்றுதான். வெளியிலிருந்து வாங்குவதைக் குறைக்க வேண்டும். யூரியா மூட்டைக்கு எவ்வளவு, பூச்சிமருந்துக்கு எவ்வளவு, விதைக்கு எவ்வளவு என்று நோட்டில் எழுதிப் பார்த்த பிறகுதான் நம்மில் பலர் இந்தப் பக்கமே திரும்பினோம். ஆனால் அதே நோட்டில் வீட்டுக்கென்று ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறோமா? கரண்ட் பில்லும் கேஸ் சிலிண்டரும் நம் வீட்டுக்குள் வருகிற வெளி இடுபொருள்தான். நெல் பணம் போகத்துக்கு ஒரு தடவை வருது. வாழைப் பணம் வருஷத்துக்கு ஒரு தடவை வருது. பில் மட்டும் அறுபது நாளைக்கு ஒரு தடவை தவறாமல் வருது.

நான் முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் கடன் மனுக்களைப் பார்த்தவன். ஓய்வு பெற்ற பிறகு லால்குடி பக்கம் கொஞ்சம் வாழையும் நெல்லும் செய்கிறேன். வீடு ஸ்ரீரங்கத்தில். விவசாயிகள் கூட்டத்தில் உட்கார்ந்து பேசும்போது வரவு செலவை எழுதச் சொன்னால், வீட்டுச் செலவு என்கிற வரியில் எல்லோரும் ஒரு மொத்தத் தொகையைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அந்த ஒரு வரியைப் பிரித்துப் பார்ப்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

பில் படிக்கட்டு மாதிரி ஏறுகிறது

கடையில் அரிசி வாங்கினால் பத்தாவது கிலோவுக்கும் முதல் கிலோ விலைதான். மின்சாரம் அப்படியில்லை. நம் மாநிலத்தில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு கணக்கு. 2016-லிருந்து முதல் 100 யூனிட் எல்லா வீட்டுக்கும் இலவசம். அதற்கு மேல், 2024 ஜூலையில் திருத்திய கட்டணப்படி, 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2 ரூபாய் 35 காசு. 201 முதல் 400 வரை 4 ரூபாய் 70 காசு. 401 முதல் 500 வரை 6 ரூபாய் 30 காசு. 2025 ஜூலையில் கட்டணம் உயர்ந்தபோதும் வீடுகளுக்கு உயர்வு இல்லை.

இந்தக் கணக்கில் 500 யூனிட்டுக்கு எவ்வளவு? 235, 940, 630 மூன்றையும் கூட்டினால் 1,805 ரூபாய்.

இப்போது ஒரே ஒரு யூனிட் கூடுதலாக எரிக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 501. அந்த ஒரு யூனிட்டுக்கு 8 ரூபாய் 40 காசு, அவ்வளவுதானே என்று தோன்றும். அப்படியில்லை. 500-ஐத் தாண்டிய வீட்டுக்கு 2 ரூபாய் 35 காசு என்கிற சலுகைப் படியே கிடையாது. 101-வது யூனிட்டிலிருந்தே 4 ரூபாய் 70 காசு போடுவார்கள். ஆகவே 300 யூனிட்டுக்கு 1,410, அடுத்த 100-க்கு 630, கடைசி ஒன்றுக்கு 8.40. மொத்தம் 2,048 ரூபாய் 40 காசு. 500-வது யூனிட்டுக்கும் 501-வது யூனிட்டுக்கும் நடுவே 243 ரூபாய் வித்தியாசம். ஒரு டிவியைப் பத்து மணி நேரம் ஓடவிட்டால் எரிகிற ஒரு யூனிட்டுக்கு இந்த விலை.

அதற்கு மேலும் படிகள் உண்டு. 600 வரை 8.40, 800 வரை 9.45, 1,000 வரை 10.50, அதற்கு மேல் 11.55. நாளைக்குக் கட்டணம் மாறலாம். படிக்கட்டு என்கிற அமைப்பு மாறுவது கடினம். நமக்கு வேண்டியது இந்த ஒரு விஷயம்தான்: நாம் மிச்சம் பிடிக்கிற யூனிட் எப்போதும் மேல் படியிலிருந்துதான் கழியும், அதாவது விலை கூடிய யூனிட்தான் முதலில் குறையும். "பத்து பர்சன்ட் குறைச்சா பில்லும் பத்து பர்சன்ட்தானே சார் குறையும், அதுக்கு எதுக்கு இவ்வளவு பாடு?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். அதைவிட நிறையக் குறையும்.

ஒரு வீட்டைப் பிரித்துப் பார்ப்போம்

எதற்கு எவ்வளவு போகிறது என்று தெரியாமல் குறைக்க முடியாது. கணக்கு சுலபம். பொருளின் மீது எழுதியிருக்கும் வாட், அது ஓடும் மணி, இரண்டையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் யூனிட். நான்கு பேர் இருக்கும் ஒரு நடுத்தர வீட்டை, சித்திரை வைகாசியில், இரண்டு மாதத்துக்கு இப்படிப் போடலாம்:

நான்கு சாதாரண ஃபேன், ஒவ்வொன்றும் 75 வாட், தினம் சராசரி 10 மணி நேரம்: 180 யூனிட்.
படுக்கை அறையில் ஒரு டன் ஏ.சி., ராத்திரிக்கு 4 யூனிட்: 240 யூனிட்.
கொஞ்சம் பழைய ஃப்ரிட்ஜ், நாளுக்கு 1.2 யூனிட்: 72 யூனிட்.
டிவி, செட்டாப் பாக்ஸ்: 42 யூனிட்.
தண்ணீர் மோட்டார், தினம் அரை மணி: 30 யூனிட்.
விளக்குகள்: 30 யூனிட்.
மிக்சி, கிரைண்டர், வாஷிங் மெஷின், இஸ்திரிப் பெட்டி எல்லாம் சேர்த்து: 30 யூனிட்.

மொத்தம் 624 யூனிட். பில் 3,106 ரூபாய் 80 காசு.

இந்தப் பட்டியலில் விளக்கு எங்கே இருக்கிறது பாருங்கள். "லைட்டை அணை, லைட்டை அணை" என்று பிள்ளைகளைத் துரத்துகிறோம். குண்டு பல்பு காலத்துப் பழக்கம் அது. 2015-ல் மத்திய அரசின் உஜாலா திட்டம் வந்த பிறகு எல்.இ.டி. விலை சரிந்து, 60 வாட் பல்பு இருந்த இடத்தில் 7, 9 வாட் வந்துவிட்டது. ஆளில்லாத அறையில் லைட்டை அணைக்கத்தான் வேண்டும். ஆனால் காசு அங்கே இல்லை. ஃபேனும் ஏ.சி.யும் ஃப்ரிட்ஜும் சேர்ந்து 492 யூனிட், ஐந்தில் நான்கு பங்கு. குளிர்ச்சிக்குத்தான் நாம் பில் கட்டுகிறோம்.

உங்கள் வீட்டுப் பட்டியல் வேறு மாதிரி இருக்கும். ஏ.சி. இல்லாத வீட்டில் வாட்டர் ஹீட்டர் அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கும். ஆகவே என் பட்டியலை நம்ப வேண்டாம், உங்கள் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேப்பரும் பேனாவுமாக உட்காருங்கள்.

காசு செலவில்லாமல் குறைவது

முதலில் ஏ.சி. பலரும் 22-ல் வைத்துவிட்டு விடியற்காலையில் போர்வையை இழுத்துப் போர்த்துகிறார்கள். ஒரு டிகிரி உயர்த்தினால் ஏறத்தாழ 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்பது மத்திய எரிசக்தி சிக்கன அமைப்பு சொல்லும் கணக்கு. 26-ல் வைத்து, ஃபேனை மெதுவாக ஓடவிட்டால் உடம்புக்கும் நல்லது. 240 யூனிட்டில் குறைந்தது 50 யூனிட் மிச்சமாகும். பதினைந்து நாளைக்கு ஒரு முறை ஃபில்டரைக் கழற்றிக் கழுவுங்கள்.

அடுத்து செட்டாப் பாக்ஸ். டிவியை ரிமோட்டில் நிறுத்தினாலும் அந்தப் பெட்டி ராத்திரி பகலாக இழுத்துக்கொண்டிருக்கும். சுவிட்ச் போர்டில் நிறுத்தினால் இரண்டு மாதத்தில் பத்துப் பன்னிரண்டு யூனிட் மிச்சம்.

ஃப்ரிட்ஜை சுவரோடு ஒட்டி வைக்காமல் அரை அடி தள்ளுங்கள். பின்பக்கம் வெப்பம் வெளியேற இடம் வேண்டும். அடுப்புக்குப் பக்கத்திலோ மேற்கு ஜன்னல் வெயிலிலோ வைக்கக் கூடாது. கதவு ரப்பர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, ஒரு ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். சுலபமாக வந்துவிட்டால் ரப்பர் போய்விட்டது. புதிது மாற்ற ஆகும் செலவு சொற்பம்.

தண்ணீர் மோட்டாரை மறந்துவிடுவோம். ஒரு எச்.பி. மோட்டார் மணிக்கு ஏறத்தாழ ஒரு யூனிட் எடுக்கும். தொட்டி நிரம்பி மாடியில் தண்ணீர் வழிகிற சத்தம் கேட்டுத்தான் நிறுத்துவது என்று பழக்கமாகிவிட்டால், தினம் பத்து நிமிஷம், இரண்டு மாதத்தில் பத்து யூனிட் வடிகாலில் போகிறது. தண்ணீரும் போகிறது. சொட்டுகிற குழாயும் கரண்ட் பில்தான், ஏனென்றால் அந்தத் தண்ணீர் மாடிக்குத் தானாக ஏறவில்லை.

ஃபேன்: இது முதலீடு

எங்கள் ஊரில் வருஷத்தில் பத்து மாதம் ஃபேன் சுற்றுகிறது. மே மாதத்தில் திருச்சி 40 டிகிரியைத் தாண்டுவது செய்தியே இல்லை. அதனால் நம் வீட்டில் மாற்ற வேண்டிய முதல் பொருள் ஃபேன்தான்.

பழைய ஃபேன் 70 முதல் 80 வாட் எடுக்கும். பி.எல்.டி.சி. என்று இப்போது வருகிற ஃபேன் அதே காற்றுக்கு 28 முதல் 35 வாட்தான் எடுக்கிறது. உள்ளே சுருள் கம்பியோடு காந்தம் வைத்து, எலக்ட்ரானிக் போர்டால் சுற்ற வைக்கிறார்கள். மோட்டார் சூடாவது குறைவு. பழைய மோட்டாரில் பாதிக்கு மேல் கரண்ட் வெறும் சூடாகத்தான் போகிறது. 2023-லிருந்து சீலிங் ஃபேனுக்கு நட்சத்திர முத்திரை கட்டாயம், ஆகவே கடையில் பார்த்து வாங்கலாம்.

கடன் மனுவைப் பார்க்கிற மாதிரி இதைப் பார்ப்போம். நான்கு ஃபேன் மாற்ற, ஒன்று 3,000 என்றால், 12,000 ரூபாய். மேலே சொன்ன வீட்டில் இரண்டு மாதத்தில் 108 யூனிட் குறையும். கோடையின் இரண்டு பில்லில், மேல் படியிலிருந்து கழிவதால், ஒவ்வொன்றிலும் சுமார் 1,000 ரூபாய் மிச்சம். மற்ற நான்கு பில்லில் ஃபேன் ஓடும் நேரமும் குறைவு, படியும் கீழே, ஆகவே 400 ரூபாய் வீதம் வைத்துக்கொள்ளலாம். வருஷத்துக்கு 3,600. மூன்றரை வருஷத்துக்குள் முதல் திரும்பிவிடும். வருஷத்துக்கு 30 சதவீதம் வருமானம். எந்த டெபாசிட்டும் இதைத் தராது. மொத்தமாக 12,000 போட முடியாதவர்கள் அதிகம் சுற்றுகிற ஒரு ஃபேனை மட்டும் முதலில் மாற்றலாம். தினம் 16 மணி நேரம் சுற்றுகிற கூடத்து ஃபேன் ஒன்றே 43 யூனிட் மிச்சம் பிடிக்கும். விருந்தாளி அறையில் எப்போதோ சுற்றுகிற ஃபேனை மாற்றுவது பணத்தை முடக்குவது.

இப்போது மொத்தக் கணக்கு. ஃபேனில் 108, ஏ.சி.யில் 50, செட்டாப் பாக்ஸில் 12. 170 யூனிட் குறைந்து, 624 என்பது 454 ஆகிறது. பில் 1,515 ரூபாய் 20 காசு. யூனிட்டில் கால் பங்குக்குச் சற்று மேல்தான் குறைந்தது. பில்லில் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. வீட்டில் யாரும் வியர்க்கவில்லை, யாரும் இருட்டில் உட்காரவில்லை.

அந்த 170 யூனிட் அனல் மின்நிலையத்தில் விளைந்தது என்றால், யூனிட்டுக்கு ஏறத்தாழ 700 கிராம் வீதம், 120 கிலோ நிலக்கரி எரியாமல் மிச்சம். ஒடிசாவில் தோண்டி, ரயிலேற்றி, பாராதீப் துறைமுகத்தில் கப்பலேற்றி எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும் வருகிற நிலக்கரி அது. அதை எரிக்கிற கொதிகலன்கள் பல, நம் திருவெறும்பூர் பெல் தொழிற்சாலையில் செய்தவை. மேட்டூர் அணைக்குக் கீழே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, குதிரைக்கல்மேடு, ஊராட்சிக்கோட்டை என்று கதவணை கதவணையாக மின்சாரம் எடுத்த பிறகுதான் காவிரி முக்கொம்புக்கு வருகிறது. சுவிட்சைத் தட்டும்போது இதெல்லாம் நினைவுக்கு வராது. பில்லைப் பார்க்கும்போதாவது வரட்டும்.

வீடே சூடாகாமல் இருந்தால்

ஸ்ரீரங்கத்துப் பழைய வீதிகளில் இன்னும் மிச்சமிருக்கிற வீடுகளுக்குள் மதியம் இரண்டு மணிக்குப் போய்ப் பாருங்கள். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், இரண்டாங்கட்டு, கொல்லை என்று ரயில்பெட்டி மாதிரி நீளமாக இருக்கும். பக்கத்து வீட்டோடு சுவர் பொது என்பதால் இரண்டு பக்கமும் வெயில் படாது. வாசலையும் கொல்லைக் கதவையும் திறந்தால் காற்று நேராக ஓடும். சூடான காற்று முற்றத்து வழியாக மேலே போய்விடும். கூரையில் செங்கல்லும் சுண்ணாம்பும் கனமாக இருக்கும். இதெல்லாம் ஃபேன் வருவதற்கு முன்னால் வெயிலோடு வாழத் தெரிந்தவர்கள் கட்டியது.

அவை இடிந்து அடுக்குமாடி எழுகிறது. மேல்மாடிக்காரர் தலைக்கு மேல் ஐந்து அங்குல கான்கிரீட் பகல் முழுக்க வெயிலைக் குடித்து ராத்திரி முழுக்கக் கீழே இறக்குகிறது. ஃபேனைப் போட்டால் அனல்காற்றுதான் வருகிறது. பிறகு ஏ.சி. வாங்குகிறார். அவர் ஏ.சி. கான்கிரீட்டோடுதான் மல்லுக்கட்டுகிறது.

பழைய வீட்டைத் திரும்பக் கட்ட முடியாது. ஆனால் கூரையை வெள்ளையாக்க முடியும். மாசி மாதத்தில், வெயில் ஏறுவதற்கு முன், மாடியைக் கூட்டிக் கழுவி, நீர்த்த சுண்ணாம்பில் பசை கலந்து இரண்டு பூச்சு அடியுங்கள். மழையில் கரையும், வருஷா வருஷம் அடிக்க வேண்டும். காசிருப்பவர்கள் அதற்கென்றே விற்கும் வெள்ளைப் பூச்சை அடிக்கலாம். வெள்ளைக்கூரை வேலை அகமதாபாத்தில் குடிசைப் பகுதிகளில் நடந்தது. தெலங்கானா அரசு 2023-ல் இதற்கென்று தனிக் கொள்கையே கொண்டுவந்தது. நமக்குத் தேவை ஒரு மூட்டைச் சுண்ணாம்பும் ஒரு நாள் வேலையும்.

தோட்டத்தில் வீடு உள்ளவர்களுக்கு இன்னும் வசதி. மேற்குச் சுவருக்கு ஒன்றரை அடி தள்ளிப் பந்தல் போட்டு, கோவையோ பீர்க்கனோ அவரையோ ஏற்றிவிடுங்கள். சுவரில் வெயில் படாது, காயும் கிடைக்கும். மாடியில் தென்னங்கீற்றுப் பந்தல் போட்டால் கீழே உள்ள அறையில் வித்தியாசம் அன்று ராத்திரியே தெரியும்.

தப்பான இடத்தில் சிக்கனம் வேண்டாம்

எங்கள் தெருவில் எண்பது வயதைத் தாண்டிய ஒரு மாமி தனியாக இருக்கிறார். போன மே மாதம் மதியம் போனபோது ஃபேனை நிறுத்திவிட்டு விசிறியோடு உட்கார்ந்திருந்தார். "ஏன் மாமி?" என்றேன். "பில்லு எகிறிடும்ப்பா. எதுக்கு வீணா சுத்தணும்" என்றார். பில் அட்டையை வாங்கிப் பார்த்தேன். இரண்டு மாதத்துக்கு 70 யூனிட். பில் பூஜ்யம். பல வருஷமாக அப்படித்தான்.

இலவசமாக இருக்கும் 100-ல் அவர் 30 யூனிட்டைத் தொடவே இல்லை. 75 வாட் ஃபேனுக்கு 30 யூனிட் என்பது 400 மணி நேரம். அறுபது நாளும் தினம் ஆறரை மணி நேரம் கூடுதலாக ஓட்டினாலும் ஒரு பைசா கிடையாது. அதை எழுதிக் காட்டியதும், "இதை யாருமே சொல்லலையே" என்று சுவிட்சைப் போட்டார்.

வெயில் காலத்தில் வயதானவர்களுக்கு ஃபேன் மருந்து மாதிரி. சிக்கனம் என்று அவர்கள் காற்றை நிறுத்தினால், மிச்சமான பத்து ரூபாய் ஆஸ்பத்திரியில் பல மடங்காகப் போகும். மேல் படியில் இருக்கும் வீட்டுக்குத்தான் குறைப்பது பற்றிப் பேச்சு. கீழ்ப் படியில் இருப்பவர்களுக்குத் தங்கள் படி எது என்று தெரிந்தாலே போதும். உங்கள் வீட்டுப் பெரியவர்களின் பில்லையும் எடுத்துப் பாருங்கள்.

தோட்டத்து இணைப்பு பற்றி ஒரு வார்த்தை

சிறு விவசாயிகளுக்கு 1984-லும், எல்லா விவசாயிகளுக்கும் 1990-லும் பம்புசெட் மின்சாரம் இலவசமானது. நம் விவசாயம் இன்னும் உயிரோடு இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் சில இடங்களில் தோட்டத்து இணைப்பிலிருந்து வீட்டுக்கு ஒரு ஒயரை இழுத்துக்கொள்கிறார்கள். அது 2003 மின்சாரச் சட்டத்தின் 126-வது பிரிவுப்படி அனுமதியில்லாத உபயோகம். பிடிபட்டால் இரண்டு மடங்கு கட்டணம் போட்டு, பின்தேதியிலிருந்து வசூலிப்பார்கள். நூறு யூனிட் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கும்போது இந்த வம்பு எதற்கு? தோட்டத்து வீட்டுக்குத் தனியாக வீட்டு இணைப்பு வாங்கிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

அடுப்படியில்: வைக்கோலும் சாணமும்

நாம் பாரம்பரிய அரிசிக்கு மாறியதும் பல வீட்டில் ஒரு முணுமுணுப்பு கேட்டிருப்பீர்கள். "கவுனியும் மாப்பிள்ளைச் சம்பாவும் வேகவே மாட்டேங்குது, சிலிண்டர் சீக்கிரம் தீர்ந்துடுது." நியாயமான புகார். ராத்திரியே ஊறப் போட்டு, ஊறிய தண்ணீரிலேயே வேகவிட்டால் பாதி நேரம் குறையும். அதோடு வைக்கோல் பெட்டியும் செய்து பாருங்கள்.

ஒரு மரப்பெட்டி அல்லது பெரிய கூடை. அடியிலும் சுற்றிலும் நான்கு விரற்கடை கனத்துக்குக் காய்ந்த வைக்கோலை அழுத்தி அடைக்க வேண்டும். நடுவில் பாத்திரம் உட்காரும் அளவுக்குக் குழி. ஊறிய அரிசியை அடுப்பில் வைத்து, நன்றாகக் கொதி வந்து பத்து நிமிஷம் ஆனதும், மூடியோடு இறக்கிக் குழியில் வைத்து, மேலே வைக்கோல் திணித்த தலையணையை வைத்து மூடிவிடுங்கள். மிச்ச வேக்காடு அந்தச் சூட்டிலேயே நடக்கும். சாதாரண அரிசிக்கு ஒரு மணி நேரம், முரட்டு அரிசிக்கு இரண்டு மணி நேரம். அடி பிடிக்காது, பொங்காது. இரண்டாம் உலகப் போரில் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது இங்கிலாந்தில் வீட்டுக்கு வீடு இந்தப் பெட்டியைச் செய்யச் சொன்னார்கள். நம்மிடம் வைக்கோல் பஞ்சமில்லை.

மாடு உள்ளவர்களுக்குச் சாண எரிவாயு. 2 கன மீட்டர் கலனுக்கு தினம் 50 கிலோ சாணம் வேண்டும், நான்கைந்து மாடு. சாணத்துக்குச் சம அளவு தண்ணீர் கரைத்து ஊற்ற வேண்டும். நான்கைந்து பேர் குடும்பத்துக்குச் சமையல் ஆகிவிடும். சிலிண்டருக்குக் காத்திருக்க வேண்டாம்.

"சாணத்தை கேஸுக்குப் போட்டா ஜீவாமிர்தத்துக்கு என்ன பண்றது?" என்று கேட்பவர்கள் உண்டு. கணக்குப் பாருங்கள். ஏக்கருக்கு 200 லிட்டர் ஜீவாமிர்தத்துக்கு 10 கிலோ சாணம். மாதம் இரண்டு முறை விட்டாலும் 20 கிலோ. கலனுக்குப் போவது மாதம் 1,500 கிலோ. இரண்டு ஏக்கர்க்காரர் ஒரு நாள் சாணத்தை எடுத்து வைத்தாலே மாதம் முழுக்கப் போதும். கலனுக்குப் போனதும் காணாமல் போவதில்லை. வாயுவாக வெளியேறுவது பெரும்பாலும் கரிச்சத்து. தழைச்சத்தும் மணிச்சத்தும் கலனிலிருந்து வரும் கரைசலிலேயே இருக்கும். அதை வாய்க்கால் தண்ணீரோடு விடலாம், மட்கு குழியில் ஊற்றலாம். அந்தக் கரைசலில் களை விதையும் ஈயும் குறைவு. ஒரே சாணம் முதலில் அடுப்புக்கும் பிறகு வயலுக்கும் உதவுகிறது.

சோலார் கடைசியில்

எல்லோரும் முதலில் கேட்பது சோலார்தான். நான் கடைசியில் வைத்திருக்கிறேன். காரணம் மறுபடியும் படிக்கட்டு.

2024 பிப்ரவரியில் வந்த பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் வீட்டுக்கூரை சோலாருக்கு 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். நம் ஊர் வெயிலில் ஒரு கிலோவாட் தினம் 4 யூனிட், இரண்டு மாதத்தில் 240 யூனிட் தரும்.

குறைத்து முடித்த நம் 454 யூனிட் வீட்டில் 1 கிலோவாட் வைத்து, எடுத்ததில் கொடுத்ததைக் கழித்து மிச்சத்துக்கு மட்டும் பில் என்று கணக்கிட்டால், 214 யூனிட்டுக்கு 301 ரூபாய்தான் வரும். அதாவது 1,214 ரூபாய் மிச்சம். இரண்டாவது கிலோவாட் வைத்தால்? மிச்சமிருக்கும் 301-ஐத்தான் அது குறைக்க முடியும். முதல் கிலோவாட் உழைக்கிறது, இரண்டாவது சும்மா வெயில் காய்கிறது. மாடிக்கு வரும் விற்பனையாளர் 3 கிலோவாட், 5 கிலோவாட் என்பார். அவர் தொழில் அது. முதலில் வீட்டில் குறைத்துவிட்டு, ஒரு வருஷத்து ஆறு பில்லையும் கையில் வைத்துக்கொண்டு, மூன்று பேரிடம் விலை கேளுங்கள். நெட் மீட்டருக்கான கட்டணங்களை மின்வாரிய அலுவலகத்தில் நேரிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கடன் வாங்குவதாக இருந்தால் மாதத் தவணை, மாதச் சராசரி மிச்சத்துக்குக் கீழே இருக்க வேண்டும். இருநூறு யூனிட்டுக்குள் இருக்கும் வீட்டுக்கு இரண்டு மாத பில்லே 235 ரூபாய். அவர்கள் அந்தப் பணத்தில் ஒரு கன்றுக்குட்டி வாங்கலாம்.

இந்த வாரமே தொடங்க

ரீடிங் எடுத்த தேதி பில்லில் இருக்கும். அந்த எண்ணைக் காலண்டரில் எழுதுங்கள். அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் மீட்டரைப் பார்த்து எழுதுங்கள். அறுபது நாளில் 500-க்குள் நிற்க வேண்டுமென்றால் நாளுக்கு எட்டேகால், வாரத்துக்கு 58 யூனிட். நாற்பத்தைந்தாம் நாள் 420-ல் நின்றால் மிச்சப் பதினைந்து நாளுக்கு 80 யூனிட், நாளுக்கு ஐந்து சொச்சம் என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிடலாம். எங்கள் வீட்டில் இந்த வேலையைப் பேரப்பிள்ளையிடம் கொடுத்திருக்கிறேன். மீட்டர் எண்ணை எழுதி, போன வாரத்து எண்ணைக் கழித்துச் சொல்வான். 58-ஐத் தாண்டிய வாரம், தாத்தாவின் ஏ.சி. ரிமோட்டைத்தான் முதலில் வாங்கி வைக்கிறான்.

நம் இயக்கக் கூட்டங்களுக்கு வரும்போது இனி மண் பரிசோதனை அட்டையோடு உங்கள் வீட்டு கரண்ட் பில்லையும் எடுத்து வாருங்கள். ஆளுக்கு ஐந்து நிமிஷம் போதும், உங்கள் வீடு எந்தப் படியில் நிற்கிறது, எதை முதலில் மாற்றலாம் என்று சேர்ந்து பார்த்துவிடலாம்.